நாயின் தொண்டையில் என்ன அடைப்பு?

கரமனைப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு ‘கக், கக்’ என்று கனைக்கும். வாயோரம் கொஞ்சம் வெள்ளை நுரை தள்ளும். உடனே வீட்டார், “ஒண்ணுமில்லை, ரோமத்தை முழுங்கிட்டது, தொண்டையிலே சிக்கிண்டிருக்கு” என்பார்கள். அக்கிரகாரத்துத் திண்ணையில் சொல்கிற அதே வார்த்தையை, ஆற்றங்கரைப் பக்கம் நம் கொத்தனார்களும் சித்தாட்களும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் லைன் வீடுகளில், “முடி மாட்டிக்கிட்டு அண்ணாச்சி, புல்லைத் தின்னா சரியாயிரும்” என்று சொல்வார்கள். தமிழ்தான் கொஞ்சம் மாறும். வைத்தியம் ஒன்றே.

பெரும்பாலான நாட்களில் இதனால் கெடுதல் ஒன்றும் விளைவதில்லை. நாய் எதையோ கக்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு சோற்றுக்கு வந்து நிற்கும். ஆனால் சில நாட்களில் அது முடியாக இருக்காது. அந்தச் சில நாட்களில் ஒன்றில், அடைத்திருப்பதை எடுத்துவிடலாமே என்று நல்ல மனத்தோடு நாயின் வாய்க்குள் கையை விடுகிறவர், தம் உயிரையே பணயம் வைத்துவிடக் கூடும். எது முடி, எது முடியல்ல என்று பிரித்துத் தெரிந்துகொள்வது நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பூனைக்கு வருவது நாய்க்கும் வருமா?

முடி உருண்டை என்பது முக்கியமாகப் பூனையின் வியாதி. பூனையின் நாக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. பூனை தன் உடம்பை நக்கும்போது உதிர்ந்த முடி அந்த முட்களில் மாட்டிக்கொள்ளும். வெளியே துப்ப வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். வயிற்றில் சேர்ந்த முடியை அது அவ்வப்போது கக்கிவிடும். ‘உருண்டை’ என்று சொல்கிறோமே தவிர, குறுகிய உணவுக்குழல் வழியாக வருவதால் அது சுருட்டு மாதிரி நீளமாகத்தான் வந்து விழும்.

கன்றுக்குட்டிக்கும் இது உண்டு. ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் கன்றுகளின் வயிற்றில் முடி திரண்டு பந்து போல் இருப்பதை இறைச்சி வெட்டுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். இதையே கோரோசனை என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது சரியல்ல. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். அதற்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. தலைமுடியைக் கடித்து விழுங்கும் பழக்கமுள்ள சில சிறுமிகளின் இரைப்பையில் முடி திரண்டு ஆபரேஷன் செய்து எடுத்ததாக எப்போதாவது பத்திரிகையில் செய்தி வருகிறதே, அதுவும் இந்த இனம்தான்.

நாயின் நாக்கு மெத்தென்றது. அதில் முள் கிடையாது. நாயும் முடியை விழுங்கும், ஆனால் விழுங்கியதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மலத்தில் நாலு முடி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நாம் ‘பாமரேனியன்’ என்று கூப்பிடுகிற வெள்ளை ஸ்பிட்ஸ் போன்ற சடை நாய்களுக்கும், கொத்துக் கொத்தாக முடி உதிரும் லாப்ரடாருக்கும் எப்போதாவது ஒரு தடவை முடிக் கற்றை வயிற்றில் தங்கி, பிசுபிசுவென்ற கோழையோடு வெளியே வரும். வந்த பிறகு நாய் பழையபடி தின்று, குடித்து, ஓடியாடினால் விஷயம் அதோடு முடிந்தது. டாக்டர் வேண்டாம், புல்லும் வேண்டாம்.

புல் என்றவுடன் ஒன்று சொல்லிவிட வேண்டும். வயிறு சரியில்லாத நாய்தான் புல் தின்னும் என்பது நம் ஊரில் வேதவாக்கு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரிக்காரர்கள் நாய் வளர்க்கிறவர்களைக் கேட்டு எடுத்த கணக்கு 2008-ல் வெளிவந்தது. புல் தின்னும் நாய்களில் அதற்கு முன் உடம்பு சரியில்லாமல் காணப்பட்டவை பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்றபின் வழக்கமாக வாந்தியெடுத்தவை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. புல் தின்பது பெரும்பாலும் நாயின் சுபாவம். அதை வியாதி என்றும் கொள்ள வேண்டாம், வைத்தியம் என்றும் நம்ப வேண்டாம்.

வயிற்றைப் பார்க்காமல் தோலைப் பாருங்கள்

நாய் மாதத்தில் பலமுறை முடியாகவே கக்குகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் வயிற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. அரிக்கிற நாய்தான் ஓயாமல் நக்கும், கடிக்கும். ஓயாமல் நக்குகிற நாய்தான் அளவுக்கு மேல் முடி விழுங்கும்.

திருவனந்தபுரத்துச் சீதோஷ்ணம் சடை நாய்களுக்கு ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம். இடவப்பாதி மழை முடிந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். அடர்ந்த ரோமத்தின் அடியில் ஈரம் காயாது. தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறி, படை எல்லாம் அங்கே குடியேறும். வாலின் அடிப்பக்கத்து ரோமத்தை விலக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புத் துகள் தெரிந்தால், அதைச் சீப்பால் வாரி நனைத்த வெள்ளைக் காகிதத்தில் உதிருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போட்டது என்பதால்தான் அந்தச் சிவப்பு. நாய் நக்கும்போது அந்தப் பூச்சியையும் விழுங்கும். அதன் வழியாக நாடாப்புழு குடலில் சேரும். ஆசனவாய்ப் பக்கம் அரிசி போல் ஒட்டிக்கொண்டிருப்பவை அந்தப் புழுவின் துண்டுகள்.

இதற்கு மருந்து கால்நடை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நம்மவர்களோ சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெய் தடவுவார்கள், வொர்க் ஷாப்பில் கழித்துப் போட்ட என்ஜின் ஆயில் தடவுவார்கள், பினாயிலால் குளிப்பாட்டுவார்கள். தடவிய அத்தனையையும் நாய் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். பிறகு அது கக்கினால் முடியின் மேல் பழி. நாயும் பூனையும் சேர்ந்து இருக்கிற வீடானால் இன்னொரு எச்சரிக்கை. நாய்க்கென்று விற்கும் சில தெள்ளுப்பூச்சி மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

தோலில் பூச்சி ஒன்றும் இல்லாமலே நக்கிக்கொண்டிருக்கும் நாய்களும் உண்டு. காலை ஏழு மணிக்கு எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட, இரவு ஏழு மணிவரை ஒரே கம்பத்தில் கட்டிக் கிடக்கிற நாய் வேறு என்னதான் செய்யும்? முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்து நிமிஷம் சீப்பால் வாரிவிட்டு, சாயங்காலம் ஆற்றங்கரை வரை ஒரு நடை கூட்டிக்கொண்டு போனால் பாதி குறையும். உதிர்கிற முடி சீப்போடு வந்துவிட்டால் நாயின் வயிற்றுக்குப் போக மிச்சம் இராது.

இருமலா, வாந்தியா?

‘முடி சிக்கிக்கொண்டது’ என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் இருமல். வாந்தி எடுக்கும் நாய் முதலில் எச்சில் ஒழுக்கும், உதட்டை நக்கும், பிறகு வயிறு ஏறியிறங்கி உள்ளேயிருப்பது வெளியே வரும். இருமுகிற நாயின் வயிறு அப்படிக் குலுங்காது. வாத்து கத்துவது போல வறட்டுச் சத்தம் எழுப்பி, கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரை மட்டும் துப்பும்.

பல நாய்கள் கூடுகிற இடத்துக்குப் போய்வந்த நாய்க்கு நாலைந்து நாளில் இப்படி வந்தால், அது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் மூச்சுக்குழல் இருமலாக இருக்கலாம். ஸ்பிட்ஸ் போன்ற சிறிய ஜாதி நாய், கழுத்துப்பட்டையை இழுக்கும்போதெல்லாம் இருமினால் அதன் மூச்சுக்குழல் தளர்ந்திருக்கலாம். வயதான நாய் ராத்திரியில் படுத்தவுடன் இருமினால் இருதயத்தைச் சோதிக்க வேண்டும். இவற்றில் எதற்கும் விளக்கெண்ணெய் மருந்தல்ல. இருமுகிற நாயின் தொண்டையில் எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி வேறு வினையை உண்டாக்கும்.

எங்கள் பார்சல் ஆபீசுக்கு நாயை புக் பண்ண வருகிறவர்களும் இதே சந்தேகத்தைக் கேட்பதுண்டு. கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டியில் போகும் நாய், பயத்திலும் ஆட்டத்திலும் வாந்தியெடுப்பது சகஜம். கிளம்புவதற்கு முன் சில மணி நேரம் வயிறு முட்டப் போடாமல் இருந்தாலே போதும். போகிற வழியில் பசிக்குமே என்று ஸ்டேஷன் வாசலில் பிரியாணி வாங்கிப் போடுகிறவர்களைத்தான் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

உண்மையிலேயே அடைத்துக்கொண்டால்

முடி அபூர்வமாக அடைக்கும். மற்றவை அடிக்கடி அடைக்கும். சாலைக் கடைத்தெருவிலும் கிள்ளிப்பாலத்திலும் ஓட்டல்களின் பின்புறம் கொட்டுகிற கோழி எலும்பு, மீன் வாசனைக்காக நாய் அப்படியே விழுங்கிவிடும் பிளாஸ்டிக் பை, தேங்காய் நார், மாங்கொட்டை, துணி, தூண்டில் முள் என்று பட்டியல் நீளம். வெந்த எலும்பு பச்சை எலும்பைப் போலில்லை. ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

தின்றதையெல்லாம் கக்குவது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, ஒரு நாள் முழுக்க எதையும் தொடாதது, மலம் போகாமல் முக்குவது, வயிற்றைத் தொட்டால் உறுமுவது அல்லது முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள். உள்ளே மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறதோ தெரியாது. இழுத்தால் குடல் அறுபட்டுவிடும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பதும் வேண்டாம். உப்பே விஷமாகிவிடும். குத்துகிற பொருள் உள்ளே போனபோது குத்தியதைவிட வெளியே வரும்போது அதிகம் குத்தும். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதுவும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

அன்றைக்கே என்றுகூடச் சொல்ல முடியாத, அந்த மணிக்கே ஓட வேண்டிய நிலைமை ஒன்று உண்டு. அல்சேஷன், டாபர்மேன், நம் ராஜபாளையம் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்கள், வயிறாரத் தின்றபின் சில சமயம் திரும்பத் திரும்ப ஓங்கரிக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. வயிறு தம்பட்டம் போல் விம்மும். நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொண்டுவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஆபரேஷன் தவிர வழியில்லை. விடியட்டும் பார்க்கலாம் என்று விட்டால், விடியும்போது நாய் இராது.

குட்டிகள் விஷயத்திலும் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும், நாற்றமடிக்கும் ரத்தபேதியுமாகச் சுருண்டு படுத்தால் அது பார்வோ வைரஸ் ஆக இருக்கலாம். 1978-ல் பல நாடுகளில் தலைகாட்டிய வியாதி இது. இரண்டு மூன்று நாளில் உடம்பு நீரையெல்லாம் வற்றவைத்துக் கொன்றுவிடும்.

வாய் தொங்கினால் கை வேண்டாம்

இனி, முதலில் சொன்ன அந்தச் சில நாட்கள்.

வெறிநாய்க்கடி நோய் என்றால், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாய்தான் நம் மனக்கண்ணில் வரும். அது ஒரு ரகம். இன்னொரு ரகம் ஊமை வெறி. அந்த நாய் யாரையும் துரத்தாது. இருட்டு மூலையாகப் பார்த்து ஒதுங்கும். கீழ்த்தாடை தளர்ந்து தொங்கும், வாய் மூடாது, எச்சில் கயிறு கயிறாக ஒழுகும், குரல் மாறிப்போகும், தண்ணீர்ச் சட்டியில் வாயை வைக்கும், ஆனால் விழுங்க முடியாது. பார்க்கிறவர் யாராயிருந்தாலும், ‘ஐயோ பாவம், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது’ என்றே நினைப்பார்கள். தொண்டைத் தசைகள் செயலிழந்துவிட்டன என்பதுதான் உண்மை. ஒழுகுகிற அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. கடிபட வேண்டும் என்பதே இல்லை. கையில் சிமெண்டு அரித்த வெடிப்போ, நகத்தோரம் கீறலோ இருந்து அதில் எச்சில் பட்டாலே போதும். கொத்து வேலை செய்கிற கையில் வெடிப்பு இல்லாத நாள் எது?

தண்ணீர் குடிக்க வருகிறதே, அதனால் வெறி இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் வந்த மனிதனுக்குள்ள அடையாளம். நாய்க்கு அப்படியில்லை.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றுவரை, ஏன், ஐந்து நிமிஷத்துக்கு முன்வரை நன்றாயிருந்த நாய், உங்கள் கண்ணெதிரே எலும்பைத் தின்னும்போது திடீரென்று திணறியதா? முன்னங்காலால் வாயைப் பிராண்டுகிறதா? அப்படியானால் அடைப்பாக இருக்கலாம். அல்லது, இரண்டு மூன்று நாளாக ஒரு மாதிரியாக இருந்துவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று ஒதுங்கி, இப்போது வாயைத் திறந்தபடி நிற்கிறதா? அப்படியானால் யாரும் கிட்டப் போகாதீர்கள். தெருநாயானாலும் சரி, தடுப்பூசிச் சீட்டு இல்லாத வளர்ப்பு நாயானாலும் சரி. வீட்டு நாயானால் அது இருக்கும் அறைக் கதவையோ கேட்டையோ வெளியிலிருந்து சாத்திவிட்டு, குழந்தைகளை அப்புறப்படுத்தி, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். செத்துவிட்டால் வெறுங்கையால் தூக்கிப் புதைக்க வேண்டாம். பாலோட்டில் உள்ள கால்நடை நோய் ஆய்வு நிலையத்தில் பரிசோதித்தால், தொட்டவர்கள் நிலைமை என்ன என்பது தெளிவாகும்.

வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே என்ற அலட்சியம் எவ்வளவு பொல்லாதது என்பதைக் கேரளம் அண்மைக் காலத்தில் பலமுறை பார்த்துவிட்டது. 2022 ஜூனில் பாலக்காடு மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருவர், பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் கடித்து, தடுப்பூசி போட்டும் இறந்தார். 2025 ஏப்ரல், மே மாதங்களில் ஊசி போட்டும் குழந்தைகள் இறந்தபோது மாநிலமே கலங்கியது. ‘ஊசி போட்டும் செத்தார்களே, பிறகு ஊசி எதற்கு?’ என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. தப்பான விவாதம். தலை, முகம், கை விரல் நுனி இவற்றில் நரம்பு அதிகம். தலையிலும் முகத்திலும் பட்ட கடியிலிருந்து மூளைக்கு வழியும் குறுகியது. அங்கே ஆழமாகக் கடிபட்டால் ஊசி பலன் தருவதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளக் கூடும். அதனால்தான் புண்ணை உடனே கழுவுவதும், புண்ணுக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்துவதும் அவசியமாகின்றன. நோய் வெளிப்பட்ட பிறகு பிழைத்தவர்களை உலகத்திலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளிப்படுவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களோ ஏறக்குறைய எல்லோருமே பிழைக்கிறார்கள்.

பதினாலு ஊசி பயம் இன்னும் போகவில்லை

நம் தொழிலாளர்களிடம் பேசினால், ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவதற்குச் சொல்லும் காரணங்களில் முதலாவது, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அது ஒரு காலம். 1885 ஜூலை 6-ந் தேதி பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் சிகிச்சையைத் தொடங்கினார். நம் நாட்டில் 1900-ல் இமயமலைப் பக்கத்துக் கசௌலியில் ஒரு நிலையமும், 1907-ல் தென்னாட்டுக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையமும் வந்தன. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தைத்தான் வெகுகாலம் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தார்கள். 2005-க்குப் பிறகு அது அடியோடு இல்லை. இப்போது கையில், தோலுக்குள் மெல்லிய ஊசி. முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் ஒவ்வொன்று. வயிற்றுப்பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது காரணம் கூலி. நாலு நாள் வேலை போகிறது என்பது. மூன்றாவது காரணத்தை நான் டிக்கெட் கவுண்டர் பக்கம் கேட்டிருக்கிறேன். மூன்று ஊசி போட்டாயிற்று, திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டும், 28-ம் நாள் ஊசி ஊரில் இருக்கும்போது வருகிறது, திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாமா என்பார்கள். திரும்பி வரவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் தரும் சீட்டைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் வண்டி ஏறுங்கள். நாகர்கோவிலோ, திருநெல்வேலியோ, அங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி மிச்ச ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். தேதியைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கடித்தாலோ, பிராண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ முதல் வேலை குழாயடிக்குப் போவது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து என்பது சும்மா ஒரு கணக்கல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போவதானால் ஊசி போட்டுக்கொண்டு பிறகு போங்கள், யாரும் தடுக்கவில்லை. திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள், ‘பேவிஷபாத’ என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் கேரள சுகாதாரத் துறையின் ‘திசா’ எண்ணான 1056-ஐக் கூப்பிடலாம். நாய் உயிரோடு இருந்தால் பத்து நாள் கவனித்து வர வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. கார்ப்பரேஷன் லைசென்சுக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். லைன் வீட்டில் நாலு பேர் சேர்ந்து சோறு போடும் தெருநாய்க்குச் சொந்தக்காரர் யார் என்பதில்தான் சிக்கல். நாலு பேரில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் தேடாமல், வேலை நாளில் அரை நாள் ஒதுக்கிக் கொண்டுபோனால் காரியம் முடிந்துவிடும்.

கரமனையிலிருந்து பி.எம்.ஜி. சந்திப்பில் உள்ள அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விடலாம். பெரிய பரிசோதனை, ஆபரேஷன் என்றால் குடப்பனக்குன்னு கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வாந்தி விஷயமாகப் போகிறவர்கள், நாய் கக்கியதில் கொஞ்சத்தைக் கையில் படாமல் பிளாஸ்டிக் உறையில் அள்ளி எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, கடைசியாக என்ன தின்றது, எப்போது மலம் போயிற்று, தடுப்பூசி எந்தத் தேதி என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுத வராவிட்டால் பரவாயில்லை, தமிழில் சொன்னால் இந்த ஊர் டாக்டர்களுக்குப் புரியும்.